கண்ணளவும் கணக்களவும்

குற்றாலம் சித்திர சபையின் சுவரோவியங்கள் ஒரே ஒளிப்படத்தில் அடங்கா. பகுதி பகுதியாக எடுத்துக் கணினியில் இணைக்க வேண்டும். ஆனால் கோடு பொருந்துகிறதா என்று பெரிதாக்கினால், இழுக்க வேண்டிய மூலைப்பிடி திரைக்கு வெளியே போய்விடுகிறது. சிறிதாக்கினால் பிழை தெரிவதில்லை. 2018இல் வந்த ஜிம்ப் 2.10 பதிப்பு, பிடிகளை விரும்பிய இடத்தில் வைக்க வழி செய்தது. ஆயினும் பொருத்தம் இன்னும் கண்ணளவே.

நெசவாளரான என் தந்தை பாவு பிணைக்கையில் இழையோடு இழையைத்தான் சேர்ப்பார். அவ்வாறே இரு படங்களிலும் பொதுவான இரு புள்ளிகளைக் குறித்தால் நகர்வு, சுழற்சி, அளவு மூன்றையும் கணக்கிடலாம். சாய்வாக எடுத்த படத்துக்கு நான்கு புள்ளிகள் வேண்டும். ஹூகின் மென்பொருள் இவ்வழியில் இயங்குகிறது. ஜிம்ப்பும் இதனை ஏற்க வேண்டும். அதன் மூலநிரல் யாவர்க்கும் பொது. கணிதம் பயிலும் நாமே அதை எழுத முன்வரலாகாதா? சுவரின் வண்ணம் நமக்காகக் காத்திராது.