தார் ரோட்டுக்கு மலை டயர் எதுக்கு?

சென்னையில் பள்ளிக்கூடப் பையன்கள் அடம்பிடித்துக் கேட்பது குண்டு டயர் மவுண்டன் சைக்கிள்தான். பார்க்க ஜோர்! அப்பா பாக்கெட் காலி. ஆனால், பழைய 28 அங்குல சைக்கிளில் பால் கேன் கட்டிப் போகிற பெரியவர், மூச்சு வாங்கும் பையனைத் தாண்டிப் போய்விடுகிறார்.

கோளாறு அகலத்தில் இல்லை. பள்ளம் விழுந்த நம்ம ரோட்டுக்கு 2 அங்குல டயர் நல்லதுதான். குலுக்கலைத் தாங்கும். வில்லங்கம், துருத்திக்கொண்டிருக்கும் ரப்பர் கட்டைகளில்! சேற்றையும் மண்ணையும் கடித்துப் பிடிக்க வைத்தது அது. தார் ரோட்டில் அமுங்கி நெளிந்து, மிதிக்கிற பலத்தைத் தின்கிறது. 'உர்ர்' என்று சத்தம் வேறு.

மழை நாளில் இன்னும் மோசம். கட்டை நுனி மட்டுமே ரோட்டில் படுவதால் வளைவில் சறுக்கும். வழவழ டயர்தான் வழுக்கும் என்பது, சைக்கிள் வேகத்துக்குத் தப்புக்கணக்கு.

போதாததற்குப் பாதிக் காற்று! எவ்வளவு அடிக்கணும் என்று டயர் பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கிறது. யார் பார்க்கிறார்கள்?

'பையன் எங்கே ஓட்டுவான்?' என்று கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்டால் என்ன? சைக்கிளை மாற்ற வேண்டாம். 26 அங்குல ரிம் என்றால், வழவழப்பான 26 x 1.5 டயர் போதும். 1½ என்று போட்ட டயரை வாங்கிவிடாதீர்கள். அது வேறு அளவு, ரிம்மில் உட்காராது!