மடக்கி வைக்க ஒரு பட்டறை

வெளியூரில் வாடகைக்கு இருக்கிற நம்மவர்கள் வீட்டில் ஒரு டிரில்லிங் மெஷின் கண்டிப்பாக இருக்கும். தீபாவளி ஆஃபரில் வாங்கியது. ஆனால் துளை போடவேண்டிய கட்டையை எங்கே வைப்பது? டைனிங் டேபிள் ஓரத்தில், இல்லையென்றால் ஸ்டூல் மேல். என் கட்சி இதுதான் மக்களே: முதலில் தேவை மெஷின் இல்லை, கட்டையை ஆடாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு வொர்க் பெஞ்ச். அது மடங்க வேண்டும், அதை நாமே செய்ய வேண்டும்.

பாலிகஞ்சில் ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட், எப்போது வேண்டுமானாலும் டிரான்ஸ்ஃபர் வரலாம் என்கிற பேங்க் உத்தியோகம். இவனுக்கு எதுக்கு பட்டறை என்று நீங்கள் கேட்கலாம். (தங்கமணி கேட்டாச்சு.) டிரான்ஸ்ஃபர் உள்ளவனுக்குத்தான் இது வேண்டும் என்பேன். ஒவ்வொரு ஊரிலும் அலமாரியின் அளவு மாறும், திரைச்சீலைக் கம்பியின் நீளம் மாறும். சின்ன வேலைக்கு மிஸ்திரி வரமாட்டார்.

இந்த யோசனைக்குச் சொந்தக்காரர் ரான் ஹிக்மன். லோட்டஸ் இலான் காரை வடிவமைத்தவர். 1961இல் வீட்டில் துணி அலமாரி செய்யும்போது, தாங்கலுக்கு வைத்திருந்த நல்ல நாற்காலியையும் சேர்த்து அறுத்துவிட்டார். அதிலிருந்து பிறந்ததுதான் 'வொர்க்மேட்'. கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். ஸ்டான்லி கம்பெனி, இது டஜன் கணக்கில்தான் விற்கும் என்று கையை விரித்தது. கடைசியில் பிளாக் அண்ட் டெக்கர் 1970களின் தொடக்கத்தில் தயாரிக்க ஆரம்பித்து, கோடிக்கணக்கில் விற்றது. 2010இல் அந்த ஸ்டான்லியும் பிளாக் அண்ட் டெக்கரும் ஒன்றாக இணைந்தன. லோன் அப்ளிகேஷனை நிராகரிக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும் :-)

அவருடைய சூட்சுமம் ரொம்ப எளிது. மேல்பலகையே ரெண்டு துண்டு. ஒன்று அசையாது, மற்றது ரெண்டு திருகுகளால் முன்னும் பின்னும் நகரும். ஆக மேசையே இடுக்கி. ரெண்டு திருகும் தனித்தனியாகச் சுற்றுவதால், ஒரு பக்கம் குறுகலான கட்டையையும் கவ்விக்கொள்ளும்.

மடக்குகிற பெஞ்சுக்கு ஒரு வியாதி உண்டு. கனம் குறைவு, இழைப்புளியைத் தள்ளினால் பெஞ்சும் கூடவே நகரும். அதற்கு வொர்க்மேட்டில் கீழே ஒரு படி இருக்கும். அதில் காலை ஊன்றி அழுத்தலாம். நம்ம ஊர் ஆசாரி தரையில் உட்கார்ந்து பாதத்தால் கட்டையைப் பிடிப்பாரே, அதே கணக்குதான். கனத்தைப் பெஞ்சில் ஏற்றுவானேன், நம் உடம்பில் இருக்கிற கனம் போதாதா? (என் விஷயத்தில் தாராளமாகவே போதும்.)

என்னுடையது இப்படி: 18 மி.மீ. பிளைவுட்டில் 2 அடி நீளம், 9 அங்குல அகலத்தில் ரெண்டு பலகை. ரெண்டும் சேர்ந்து சுமார் மூணேகால் கிலோதான். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை வாங்குங்கள், கல்கத்தா மழைக்காலத்து ஈரத்தில் மலிவுப் பிளை உரிந்துவிடும். கடையிலேயே அளவுக்கு அறுத்துத் தரச் சொல்லலாம். ரெண்டு நீள மரைக்கம்பிகள். கால்கள் கீலில் மடங்கும், விரிந்து போகாமலிருக்க ஒரு சங்கிலி. உயரம் மட்டும் அவரவர் அளவு: நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ, அதுதான். வேலை முடிந்தால் கட்டிலுக்கு அடியில். ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமைகளில் வெளியே வரும், அதுவும் காலையில் மட்டும். மதியத் தூக்கத்தில் இருக்கும் வங்காளியை எழுப்பிவிட்டு எந்த ஃப்ளாட்டிலும் குடியிருக்க முடியாது.

இங்கே செப்டம்பரில் விஸ்வகர்மா பூஜைக்குச் சைக்கிள் ரிப்பேர்க்காரர்கூட ஸ்பானருக்குப் பொட்டு வைப்பார். நாம் ஆயுத பூஜைக்கு லேப்டாப்புக்கும் கார் சாவிக்கும் வைக்கிறோம். ஏழாவது படிக்கும் என் பையனுக்கு உளி என்றால் படத்தில் பார்த்ததுதான். பெஞ்ச் வந்த பிறகு கட்டையின் ஒரு முனையை அவன் திருகுவான், மறுமுனையை நான்.

இந்த வருஷம் வேலை கொலுப்படி. இத்தனை வருஷமாக டிரங்குப் பெட்டியும் அட்டைப் பெட்டியும் அடுக்கி மேலே வேட்டி போர்த்திச் சமாளித்தோம். இப்போது அஞ்சு படி, மூணடி நீளம், இதுவும் மடங்கும். மூணு படி முடிந்தது. மகாளய அமாவாசைக்குள் மீதி ரெண்டு.