தறிக்கும் பள்ளிக்கும் நடுவே

ஒரு பிள்ளை நாளொன்றுக்குப் பள்ளியில் இருக்கும் நேரம் அந்நாளின் மூன்றிலொரு பங்குக்கும் குறைவே. எஞ்சிய பெரும்பங்கு இல்லத்துக்கும் தெருவுக்கும் உரியது. ஆயினும், பிள்ளை படிப்பில் பின்தங்கினால் பெற்றோர் பள்ளியைச் சுட்டுகின்றனர். ஆசிரியர் இல்லத்தைச் சுட்டுகின்றார். இருவர் விரலும் இருபுறம் நீண்டு நிற்க, நடுவே நின்று வாடுவது ஒன்றுமறியாத இளம்பயிரே. அப்பயிர்க்கு நீர் பாய்ச்ச வேண்டிய வாய்க்கால் ஒன்றே. அதன் ஒரு கரை இல்லம், மறுகரை பள்ளி. ஒரு கரை உடைந்தாலும் நீர் வயலைச் சேராது.

இவ்வுண்மை எவ்வூர்க்கும் பொருந்துவதாயினும், சேலம், நாமக்கல் நிலப்பரப்புக்குச் சிறப்பாகப் பொருந்துவது. 1997 வரை ஒரே மாவட்டமாயிருந்த இந்நிலம் உழைப்பாளர் நிலம். இளம்பிள்ளையிலும் குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறி ஓசை ஓய்வதில்லை. சேலத்து வெள்ளிப் பட்டறைகளில் கொலுசு உருவாகின்றது. மரவள்ளிக் கிழங்கு சவ்வரிசியாகும் ஆலைகள் ஒருபுறம். நாமக்கல்லின் கோழிப்பண்ணைகளும் சரக்குந்துக் கூடு கட்டும் பட்டறைகளும் மறுபுறம். இத்தொழில்களுள் பலவும் இல்லத்துத் திண்ணையையும் கொல்லையையும் ஒட்டியே நடப்பவை. எனவே, இங்கே பிள்ளைக்குப் பள்ளி எவ்வளவு அணுக்கமோ, தொழிலும் அவ்வளவு அணுக்கம்.

ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளையின் கை சிறியது. அதனால் தொழிலுக்குப் பெரும்பயன் இல்லை. ஆறாம் வகுப்புக்கு வரும்போதுதான் அக்கை தார் சுற்றவும், வளையம் கோக்கவும், கிழங்கின் தோல் சீவவும், முட்டை அடுக்கவும் போதுமான வலிமை பெறுகின்றது. கடன் கழுத்தை நெரிக்கும் குடும்பத்தின் கண்ணுக்கு அக்கை கூலியாகத் தெரிகின்றது. நடுநிலைப்பள்ளியின் மூன்றாண்டுகள், பிள்ளையைப் பள்ளி தன்பால் இழுத்துக்கொள்ளுமா, தறி தன்பால் இழுத்துக்கொள்ளுமா என்பது முடிவாகும் ஆண்டுகளாகும். ஆகவே, இல்லமும் பள்ளியும் கைகோக்க வேண்டிய தலையாய இடமும் அதுவே.

இல்லத்தையும் பள்ளியையும் இணைக்கின்றோம் என்று சொல்லியே தமிழ்நாட்டில் ஒருமுறை பெருந்தீங்கு செய்ய முயன்றனர். 1953-ஆம் ஆண்டில், அந்நாளைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளியிற் பிறந்தவரும், சேலம் நகராட்சித் தலைவராயிருந்தவருமான இராசகோபாலாச்சாரியார் முதலமைச்சராயிருந்த போது, சிற்றூர்த் தொடக்கப்பள்ளிகளின் நேரம் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய நேரத்தில் பிள்ளை தன் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்பது அத்திட்டம். நெய்பவர் மகன் நெய்யவும், வெளுப்பவர் மகன் வெளுக்கவும், மண்ணை மிதிப்பவர் மகன் மண்ணையே மிதிக்கவும் வகுத்த அதனைக் 'குலக்கல்வி' என்று மக்கள் பெயரிட்டு எதிர்த்தனர். பெரியார் முதலியோர் நடத்திய எதிர்ப்பின் விளைவாகவும், காமராசர் முதலமைச்சராய் வந்ததன் விளைவாகவும், 1954-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

இல்லமும் பள்ளியும் இணைவது நன்றே. ஆனால், இல்லத்தின் வறுமையைப் பிள்ளையின் தலையெழுத்தாக்குவதற்காக அவை இணைதல் கூடாது. அவ்வறுமையினின்று பிள்ளையை மீட்பதற்காகவே இணைதல் வேண்டும். முன்னது கட்டு, பின்னது கைகோப்பு. இவ்வேறுபாட்டை உணராதார் நல்லெண்ணத்தாலும் தீமை விளைப்பர்.

பின்னதற்கும் தமிழ்நாடே எடுத்துக்காட்டு. காமராசர் ஆட்சியில் 1956-இல் தொடங்கிய பகலுணவுத் திட்டம் தொடக்கத்தில் ஊர்மக்களின் கொடையை நம்பியே எழுந்தது. 1958 முதல், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அவர்கள் முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் பள்ளிக்கு நிலம் தந்தனர், கட்டடம் எழுப்பினர், கரும்பலகையும் இருக்கையும் உடையும் வாங்கித் தந்தனர். பள்ளி அரசின் கட்டடம் என்னும் எண்ணம் மாறி, ஊரின் சொத்து என்னும் உணர்வு தழைத்தது. எழுத்தறியாப் பெற்றோரும் 'இது எம் பள்ளி' என்று நிமிர்ந்து சொன்னார்கள். பிள்ளையின் வயிற்றுக்கு ஊர் சோறிட்டது. அவன் அறிவுக்குப் பள்ளி விளக்கேற்றியது. இல்லமும் பள்ளியும் இணைவதன் உண்மைப் பொருள் அதுவே.

இன்றைய நிலை என்ன? 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு அகவை வரை உள்ள பிள்ளைக்குக் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கியது. ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியின் எட்டாம் வகுப்பு வரை இவ்வுரிமைக்குள் அடங்கும். ஆனால், 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் ஓர் ஓட்டையை விட்டுவைத்தது. பதினான்கு அகவைக்குட்பட்ட பிள்ளையை எத்தொழிலிலும் அமர்த்தக் கூடாதென்று முன்வாயிலை அடைத்த அச்சட்டம், இடர் மிக்கவை என்று பட்டியலிடப்படாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் கழிந்தும் விடுமுறையிலும் பிள்ளை உதவலாம் என்று கொல்லைக் கதவைத் திறந்தது. திண்ணையிலேயே தறி கிடக்கும் ஊரில் 'உதவி' எங்கே முடிகின்றது, 'உழைப்பு' எங்கே தொடங்குகின்றது என்று அளக்க எந்த அலுவலரால் முடியும்? இரவு பத்து மணி வரை தார் சுற்றிய பிள்ளை மறுநாட் காலை கணக்குப் பாடத்தில் கண்ணயர்கின்றான். ஆசிரியர் அவனை மந்தன் என்கின்றார். மந்தம் அவன் அறிவில் இல்லை. அவன் இமையில் இருக்கின்றது! சட்டம் அடைக்காத அக்கதவைப் பெற்றோரே அடைத்தல் வேண்டும். அடைக்குமாறு ஆசிரியர் சென்று சொல்லுதல் வேண்டும்.

அவ்வாறு பேசுவதற்குரிய அவையையும் சட்டமே வகுத்துள்ளது. பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதியினர் பெண்களாகவும் இருத்தல் வேண்டுமென்பது 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. பள்ளியின் நடைமுறையைக் கண்காணித்தல், வளர்ச்சித் திட்டம் வகுத்தல், வரும் பணம் செலவாகும் முறையைப் பார்த்தல் ஆகியன அக்குழுவின் பணிகள். தமிழ்நாட்டில் 2022-இல் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டபோது, இருபது உறுப்பினருள் பதினைவர் பெற்றோராயினர்; தலைமையும் பெற்றோர்க்கே உரியதாயிற்று. தறிக்கூலிப் பெண் ஒருத்தி பள்ளிக் குழுவின் தலைவியாய் அமரும் உரிமை சிறியதன்று.

ஆனால், உரிமை ஏட்டிலிருந்தால் போதுமா? கூட்டம் நண்பகலில் கூடினால், நாட்கூலியை இழந்து எந்தத் தாய் வருவாள்? வந்தவளைக் கடைசி இருக்கையில் அமர்த்தி, முன்னரே எழுதப்பட்ட தாளில் கையொப்பம் மட்டும் பெற்றுக்கொண்டால், அடுத்த திங்களில் அவள் ஏன் வருவாள்? கேட்கப்படாத வாய் மூடிக்கொள்ளும். மூடிய வாயைக் காட்டிப் 'பெற்றோர்க்கு அக்கறையில்லை' என்று பழி கூறுவது முறையன்று.

இனி, இல்லத்துக்கும் பள்ளிக்கும் இடையே எழுந்துள்ள மற்றொரு சுவரைக் காண்போம். அது மொழிச்சுவர். பெற்றோரும் பள்ளியும் ஒன்றுபட்டுப் பிள்ளையை வளர்ப்பதற்கு முதற்கருவி, இருவர்க்கும் பொதுவான மொழி. தமிழ்வழிப் பிள்ளை மாலையில் பாடநூலை விரித்து உரக்கப் படித்தால், அடுக்களையிலிருக்கும் தாய் அதனைக் கேட்கின்றாள். தவறாய்ப் படித்தால் திருத்துகின்றாள். எழுத்தறியாதவளாயினும் பொருள் உணர்ந்து 'அது ஏன்?' என்று வினவுகின்றாள். அவ்வொரு வினா ஓர் ஆசிரியர்க்கு நிகர். அதே பிள்ளை ஆங்கிலவழியிற் படித்தால், தாயின் செவிக்கு அது வெற்றொலி. அன்று முதல் அவள் தன் பிள்ளையின் கல்விக்கு அயலாள். பணம் கட்டுவதும் சோறு கட்டுவதுமே அவள் கடமை. பிள்ளையோ, ஏதுமறியாதவள் என்று தாயை எண்ணத் தொடங்குகின்றான். கல்வி பெற்ற நாளிலேயே தாயை இழப்பது எத்தகைய கல்வி?

தாய்மொழியே கல்விக்குத் தக்க வாயில் என்று யுனெசுகோ அமைப்பு 1953-லேயே உலகுக்கு உரைத்தது. தமிழ்நாட்டிலோ, ஐந்தாம் வகுப்பு வரை தமிழோ தாய்மொழியோ பயிற்றுமொழியாதல் வேண்டுமென்று 1999-இல் பிறந்த அரசாணை 2000-இல் உயர் அறமன்றத்தால் வீழ்ந்தது. தாய்மொழிவழிக் கல்வியை அரசு வலியுறுத்திக் கட்டாயப்படுத்த இயலாதென்று 2014-இல் உச்ச அறமன்றமும் கருநாடக வழக்கில் தீர்ப்பளித்தது. இதனிடையே, 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. ஆணையும் வாராது, அறமன்றமும் உதவாது என்ற நிலையில், முடிவெடுக்கும் உரிமை பெற்றோர் கையிலேயே எஞ்சி நிற்கின்றது. ஆகவே, அவர்தம் உள்ளத்திற்றான் இப்போராட்டம் வெல்லப்படுதல் வேண்டும். ஆங்கிலத்தை மொழியாகக் கற்பதை எவரும் தடுக்கவில்லை. அறிவுக்கு வாயிலாக அதனை நடுவதே தவறு. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் நெசவாளர் குடும்பங்கள் இந்நிலப்பரப்பில் பல. தாய் அறிந்த மொழியிற் பிள்ளை தொடங்குதல் வேண்டும் என்னும் உண்மை அவர்க்கும் பொருந்தும். அவர்கள் தெருவில் வாழும் தமிழும் அவர்க்கு ஆங்கிலம்போல் அயலன்று.

நாமக்கல்லைச் சூழ்ந்தெழுந்த தனியார் உறைவிடப் பள்ளிகளைத் தமிழகமே அறியும். மேனிலைத் தேர்வின் மதிப்பெண்ணுக்காகத் தொலைவூர்ப் பெற்றோரும் பிள்ளைகளை அங்கே கொண்டுவந்து விட்டனர். கறிக்கோழிப் பண்ணையோடு அவற்றை ஒப்பிட்டு மக்களே பேசினர்: வேளைக்குத் தீனி, ஓயாத விளக்கு, குறித்த நாளில் எடை! முதலிடம் பெற்றவர் பட்டியலை வெளியிடும் வழக்கத்தை 2017-இல் அரசு நிறுத்த வேண்டியதாயிற்று. இல்லத்தை முற்றும் வெளியே தள்ளிவிட்டு மதிப்பெண்ணைப் பெருக்கலாம். மாந்தனைப் பெருக்க இயலுமா? இப்போக்கு நடுநிலை வகுப்புகளுக்கும் இறங்குமாயின், பன்னிரண்டு அகவைப் பிள்ளை பெற்றோரை மாதமொருமுறை பார்க்கும் விருந்தினராய்க் காண நேரும்.

இல்லத்துக்கும் கல்விக்கும் உள்ள உறவின் வலிமையை 2020-இல் வந்த மகுடைத் தொற்று அனைவர்க்கும் காட்டியது. பள்ளிக் கதவு மூடியபோது இல்லமே பள்ளியாகும் நிலை வந்தது. ஆகாத இல்லங்களில் பிள்ளைகள் கற்றதையும் மறந்தனர். அவ்விடைவெளியை நிரப்ப 2021 அற்றுவத்திங்களில் தமிழ்நாட்டரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டத்தில், தொண்டர்கள் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு மாலைதோறும் தெருவிலேயே கற்பித்தனர். அவ்வூர்ப் பெண்களே அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு ஆசிரியராயினர். இல்லத்துக்கும் பள்ளிக்கும் நடுவே ஊர் ஒரு பாலமாக முடியும் என்பதற்கு அது சான்று.

இனிச் செய்ய வேண்டுவன எவை? ஆசிரியர் ஆண்டின் தொடக்கத்திலேயே தம் வகுப்புப் பிள்ளைகளின் இல்லங்களுக்கு ஒருமுறையேனும் நடந்து செல்லுதல் வேண்டும். குற்றங்கூற மட்டும் பெற்றோரை அழைக்கும் பள்ளிக்குப் பெற்றோர் அஞ்சுவர். பிள்ளையின் நற்செயலைச் சொல்ல இல்லந்தேடி வரும் ஆசிரியரை அவர்கள் மறவார். கூட்டங்கள் கூலி நேரம் கழிந்து மாலையில் கூடுதல் வேண்டும். அறிவிப்புகள் அலுவலகத் தமிழில் அல்லாமல், தறிக்கார அண்ணனுக்கும் விளங்கும் நல்ல தமிழில் இருத்தல் வேண்டும். தறியின் இழைகளை எண்ணிக் கணக்கும், கிழங்கு மாவாகும் முறையைக் காட்டி அறிவியலும் கற்பிக்கலாம். அவ்வாறு கற்பிக்குங்கால், பெற்றோரின் தொழிலறிவு பள்ளியில் மதிப்புப் பெறும். அது குலக்கல்வியன்று; தொழிலுக்குள் பிள்ளையை அடைப்பதற்கு மாறாகத் தொழிலிலிருந்து அறிவை எடுப்பது.

பெற்றோர் செய்ய வேண்டுவனவும் சிலவே. மாலையில் ஒரு மணி நேரம் தறியும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஓயட்டும். எழுத்தறியாத தாயும் 'இன்று என்ன படித்தாய், எனக்குச் சொல்' என்று கேட்கட்டும்; தாய்க்கு விளங்கச் சொல்லும் பிள்ளைக்குத் தேர்வுத்தாள் அச்சம் தராது. உறவினர் திருமணத்துக்கும் கோயில் நோன்பிக்கும் பிள்ளையைப் பல நாள் பள்ளியினின்று நிறுத்தும் வழக்கம் ஒழியட்டும். எட்டாம் வகுப்போடு பெண்பிள்ளையின் படிப்பை முடித்துவிடும் எண்ணம் வேரோடு அழியட்டும். பள்ளிக் குழுவின் கூட்டத்துக்குத் தவறாது சென்று, படித்துப் பார்த்த பின்னரே கையொப்பமிடட்டும். படிக்க அறியாதார், உரக்கப் படித்துக் காட்டுமாறு கேட்கட்டும்.

தமிழுணர்வாளர்க்கும் இதில் பங்குண்டு. மேடையில் தமிழ்வழிக் கல்வியை முழங்கிவிட்டுத் தம் பிள்ளையை ஆங்கிலவழிப் பள்ளிக்கு அனுப்புவோரின் சொல்லை எந்தக் கூலித்தாய் நம்புவாள்? ஊர்தோறும் உள்ள உணர்வாளர் தம் ஊர் நடுநிலைப்பள்ளியைத் தம் பள்ளியெனக் கொண்டு, மாலை வகுப்பு ஒன்றை நடத்துக. நூலகம் ஒன்றைத் திறக்க. பள்ளியை விட்டு நின்ற பிள்ளை எவன் எனத் தெருத்தெருவாய்த் தேடி அழைத்து வருக. தமிழ்வழிப் பள்ளி சிறந்த பள்ளியாகவும் இருக்குமென்று கண்முன் காட்டுவதே தமிழுக்குச் செய்யும் தலையாய தொண்டு. மொழி, தாளில் எழுதும் முழக்கத்தால் வாழாது. பிள்ளையின் நாவிலும் அறிவிலும் குடியேறியே வாழும்.

தறியில் பாவும் ஊடையும் பொருந்தினாலன்றித் துணி உருவாகாது. இல்லம் பாவு, பள்ளி ஊடை. இரண்டையும் தமிழிழையால் இணைத்து நெய்யும் நெசவே இனி இந்நிலம் நெய்ய வேண்டிய நெசவு. பெற்றோர் எழுக! ஆசிரியர் இறங்கி வருக! நம் பிள்ளைகள் தலைநிமிர்க!