புரட்டாதிக் கடமை

புரட்டாதி பாதி கழிந்துவிட்டது. கிடுகும் பனையோலையும் நம் வீடுகளின் கூரையாக இருந்த காலத்தில், மாரி பிறக்குமுன் கூரையை வேய்ந்து, வேலியை அடைத்து, விறகைத் தாழ்வாரத்தில் அடுக்கி, வளவைச் சுற்றியுள்ள வாய்க்காலைச் செதுக்கிவிடுவது, எவரும் கட்டளையிடாமலே ஒவ்வொரு குடும்பமும் செய்துவந்த வருஷாந்தக் கடமையாக இருந்தது. ஓட்டுக்கும் கொங்கிறீற்றுக்கும் மாறிவிட்ட வீடுகளுக்கு அக்கடமை இப்போது பெரும்பாலும் இல்லை. ஆனால், நாம் எல்லோரும் சேர்ந்து உரிமை கொண்டாடும் வீதிக்கும் மதகுக்கும் குளத்துக்கும் அணைக்கும் அது இன்னும் குறைவின்றி இருக்கிறது. ஆண்டு முழுவதும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் நமக்குக் கிடைக்கும் ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழையின் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழி முடிவதற்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறபடியால், புரட்டாதியில் செய்யாத வேலையைக் கார்த்திகையில் செய்ய முடியாது. கார்த்திகையில் செய்வது வேலை அன்று, நிவாரணம்.

இந்த உண்மையை மிகத் தெளிவாக எடுத்துக்காட்டும் சரித்திரம், எனக்குத் தெரிந்தவரையில், தொண்டைமானாற்றுச் சரித்திரமே. ஆறு என்று நாம் அதனை அழைத்தாலும், வடமராட்சிக் கடல்நீரேரி வடகடலோடு கலக்கும் வாயே அது. வற்றாத நதி ஒன்றும் இல்லாத இக் குடாநாட்டில் நாம் குடிப்பதும் இறைப்பதும் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கிய மழைநீரையே. அந்த நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால் கீழே 40 அடி ஆழம்வரை அது உவரைத் தள்ளிவைக்கும் என்பது நிலநீர் சாஸ்திரத்தின் பொதுக் கணக்கு. ஆதலால், மழைக்காலத்தில் நிறையும் கடல்நீரேரிகளைக் கடலோடு கலக்கவிடாமல் மறித்து வைத்தால், நம் கிணறுகளின் ஆயுள் நீளும் என்ற எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உத்தியோகத்தர்களின் மனத்தில் முளைத்துவிட்டது. அதனை முழு உருவம் பெற்ற திட்டமாக்கி, 1954 இல் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்று முன்வைத்தவர், நீர்ப்பாசனத் திணைக்களத்துப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் அவர்கள். ஆனையிறவுக் கடல்நீரேரியைச் சுண்டிக்குளத்தில் மறித்து, வன்னியிலிருந்து கனகராயன் ஆறு கொண்டுவரும் வெள்ளத்தை அதில் தேக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சி நீரேரிக்கும், அங்கிருந்து உப்பாற்று நீரேரிக்கும் கொண்டுவருவது அவருடைய உத்தேசம். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் அமைந்த தடுப்பணைகள் அந்த நன்னீர் கடலுக்குப் போகாமலும், கடல்நீர் உள்ளே வராமலும் காக்கவேண்டிய வாயிற்காவலர்கள்.

தொண்டைமானாற்று அணை, அத்திட்டம் வருமுன்பே, நாற்பதுகளின் பிற்பகுதியில் தொடங்கப்பெற்று ஐம்பதுகளின் முற்பகுதியில் எழுந்தது. ஏனைய வேலைகளிற் பலவும் அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் நிறைவேறின. முள்ளியான் வாய்க்கால் மட்டும் முற்றுப்பெறாமலே நின்றது. திட்டம் பூரணமாகாததற்கு அரசியலையும் நிதியையும் பின்னர் வந்த யுத்தத்தையும் காரணமாகச் சொல்வது நமக்கு வழக்கம். அவற்றில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆயினும், கட்டி முடிந்த பகுதிகளுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் நாம் கேட்கவேண்டும். தடுப்பணையின் மரக்கதவுகள் உப்பிலும் வெயிலிலும் நாளடைவில் உக்கின. உக்கிய கதவுகள் கசிந்தன. கசிவின் வழியே உவர்நீர் மீண்டும் உள்ளே வந்தது. ஒரு பீரங்கியும் அவற்றைத் தகர்க்க வேண்டியிருக்கவில்லை. கதவைக் காலத்தில் மாற்றுவதற்கு வேண்டிய சிறு தொகை கிடையாமையால், அணையைக் கட்டுவதற்குச் செலவிட்ட பெருந்தொகை பல ஆண்டுகள் பயன்தராது கிடந்தது.

அணைக்கதவு என்பது கட்டிவிட்டுப் போகும் பொருளும் அன்று. மழை வலுக்கும்போது திறக்கப் பிந்தினால் கரையோரத்து வயலும் வளவும் நீரில் மூழ்கும். அவசரப்பட்டு முந்தித் திறந்தால் கோடைக்கு வேண்டிய நன்னீர் கடலிற் போய் விழும். எந்த மட்டத்தில் திறப்பது, யாருடைய சொல்லுக்குத் திறப்பது, நள்ளிரவில் வெள்ளம் ஏறினால் சாவி யாரிடம் இருக்கிறது என்பவையெல்லாம் சீமெந்தைப் போலவே அக்கட்டுமானத்தின் அங்கங்கள். இவற்றை எழுதிவைக்காத அணையைப் பாதி கட்டிய அணை என்றே சொல்லவேண்டும்.

பேணுவதில் நமக்குச் சிரத்தை இல்லை என்று சொல்லி இதனை முடித்துவிடவும் இயலாது. ஊர்க் கோயிலைப் பாருங்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்யவேண்டும் என்ற நியதியை நாம் மீறத் துணிவதில்லை. பீடத்தில் விக்கிரகத்தைப் பிணைக்கும் அட்டபந்தன மருந்து காலப்போக்கில் இளகிவிடும் என்பதை முன்னோர் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அதனைப் புதுக்கும் நாளையும் விதியிற் சேர்த்துவைத்தார்கள். வேலை தொடங்குமுன் பாலஸ்தாபனம் செய்து, தெய்வத்தை வேறிடத்தில் எழுந்தருளப்பண்ணி, நித்திய பூசைக்குக் குறைவு வராமல் பார்த்துக்கொண்ட பின்னரே தச்சனும் சிற்பியும் உள்ளே போகிறார்கள். தேய்வை எதிர்பார்ப்பது, புதுப்பிக்கும் நாளைக் குறித்துவைப்பது, திருத்தவேலை நடக்கும் வேளையில் அதனைச் சார்ந்திருப்போருக்குப் பங்கம் வராமல் காப்பது ஆகிய மூன்று தத்துவங்களும் கோயில் வாசலோடு நின்றுவிட்டது ஏன் என்பதுதான் கேள்வி. கோயிலில் பாலஸ்தாபனம் செய்யும் அதே ஊரில், வீதிக்குக் குறுக்கே மதகுக்காக வெட்டிய கிடங்கின் ஓரத்தில், இரவில் வரும் சைக்கிள்காரனுக்கு எச்சரிக்கையாக ஒரு பூவரசங் கொப்பு மட்டுமே நட்டிருக்கக் காண்கிறோம்.

அரசாங்கத்தாருக்கும் ஒரு காலத்தில் நியதி தெரிந்திருந்தது. அதனை அமல் நடத்திய விதந்தான் கொடியது. 1848 ஆம் ஆண்டின் வீதிச் சட்டப்படி, இலங்கையில் 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்யவேண்டும், அல்லது அதற்கீடாக 3 சிலிங் இறுக்கவேண்டும் என்றிருந்தது. அவ்வாண்டு மாத்தளையில் மூண்ட கலகத்துக்கு அந்த வரியும் ஒரு காரணம். பிறர் உடலை வருத்தி வீதியைப் பேணும் முறை மீண்டும் வரவேண்டும் என்று எந்த மூடனும் விரும்பான். ஆனால், வீதிக்கு வருஷந்தோறும் உழைப்பும் பணமும் வேண்டும் என்ற கணக்கை அந்தச் சட்டம் மறைக்கவில்லை. நாமோ அந்தக் கணக்கையே மறந்துவிட்டு, வெள்ளம் வந்த பிறகு சிரமதானத்துக்கு அழைப்பு விடுக்கிறோம்.

அண்மையில் ஒரு காலைவேளையில், எங்கள் ஒழுங்கை முகப்பிலுள்ள மதகை இருவர் துப்புரவு செய்துகொண்டிருந்தார்கள். மாலையானால் இளவட்டங்கள் வரிசையாய் அமர்ந்து உலக விவகாரம் பேசும் அந்த மதகுக் கட்டின் அடியிலிருந்து, நீண்ட இரும்புக் கம்பியால் அவர்கள் இழுத்து வெளியிற் போட்டவை: பொலித்தீன் பைகள், கோம்பைகள், தயிர்ச் சட்டி, குழந்தைகளின் அணையாடை, உடைந்த போத்தல்கள், ஒரு பழைய மெத்தையின் பாதி. ஒருவர் இடுப்பளவு கறுத்த நீரில் வெறுங்காலோடு நின்றார். கரையில் ஒரு சோடி நீண்ட சப்பாத்து புதுமை மாறாமல் வைக்கப்பட்டிருந்தது.

“தம்பி, சப்பாத்து இருக்க ஏன் வெறுங்காலோட நிக்கிறீர்?” என்று கேட்டேன்.

“தந்தவைதான் ஐயா. உது முழங்காலுக்குக் கீழை. இந்தத் தண்ணிக்குள்ளை இறங்கினால் சப்பாத்துக்குள்ளை தண்ணி நிறைஞ்சிடும், பிறகு கால் தூக்க ஏலாது. போத்தல் வெட்டினால் வெட்டட்டும் எண்டுதான் இறங்கிறது” என்றார்.

பாதுகாப்பு உபகரணம் வழங்கப்பட்டது என்று எங்கோ ஒரு பதிவேட்டில் எழுதியிருக்கும், அது பொய்யன்று. அந்த உபகரணம் அந்த வேலைக்கு உதவுமா என்று, மதகின் ஆழத்தை அளந்து பார்த்து எவரும் கேட்கவில்லை என்பதே குறை. காரியம் அற்பமென்று எண்ணலாகாது. 2024 நவம்பரில் பெங்கல் புயலோடு வந்த பெருவெள்ளத்தின் பின், டிசம்பரில் வடமராட்சியிலும் அயலிலும் பரவிய காய்ச்சல் சிலருடைய உயிரைக் கொண்டுபோனது; முதலில் இன்னதென்று தெரியாத நோயாகப் பேசப்பட்ட அது, பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்று உறுதியாயிற்று. எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும், காலிலுள்ள ஒரு சிறு வெட்டின் வழியாகவே உடலுக்குள் நோயைக் கொண்டுசெல்லப் போதுமானவை. சேற்றில் இறங்குமுன்னரே உட்கொள்ளவேண்டிய தடுப்பு மருந்து சுகாதாரப் பகுதியினரிடம் உண்டு. இறங்கவேண்டியவர் யார், எந்த நாளில் இறங்குவார் என்பது முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தால்தானே அந்த மருந்தும் முன்கூட்டிச் சென்றடையும்? நாட்குறிப்பில்லாத வேலைக்குப் பாதுகாப்பும் இல்லை.

பேணுதலில் உள்ள குறை இதுவென்றால், அபிவிருத்தியிலும் ஓர் அபாயம் இருக்கிறது. யுத்தம் முடிந்த பின் நம் வீதிகள் பல காபெற் வீதிகளாயின. குழிகளில் விழுந்தெழுந்து பழகிய நமக்கு அது பெரிய உபகாரமே. ஆனால், பழைய வீதியின்மேல் கல்லும் தாருமாக உயர்த்திக்கொண்டு போனதில், பல இடங்களில் வீதி வளவுக்கு மேலே நிற்கிறது. முன்பு வளவிலிருந்து வீதிக்கு வடிந்த வெள்ளம் இப்போது வீதியிலிருந்து வளவுக்குள் வடிகிறது. அருகே கட்டிய வாய்க்காலும் சில இடங்களில் எங்கிருந்தோ தொடங்கி எங்கும் போய்ச் சேராமல் நின்றுவிடுகிறது. வெள்ளத்துக்குத் தன் வழி நன்றாகத் தெரியும். தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி என்று வயல்களினூடே போய் அராலியில் கடல்நீரேரியைச் சேரும் வழுக்கையாறு, மாரியில் மட்டும் உயிர்பெறும் ஆறாயினும், வலிகாமத்தின் வெள்ளத்தைத் தாங்கும் பெரும் வடிகால் அதுவே. அதில் வந்து சேரவேண்டிய வாய்க்கால்களை அடைத்துவிட்டு வீதியை அழகுபடுத்தினால், 2008 இல் நிஷாப் புயலும் 2020 இல் புரெவிப் புயலும் காட்டிய கோலத்தை மறுபடியும் காணவேண்டியதுதான்.

சுன்னாகம் கற்பித்த பாடம் இன்னும் கடியது. ஊருக்கு வெளிச்சம் தரும் மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்திருப்பது 2014, 2015 ஆம் ஆண்டுகளில் பெரும் பிரச்சினையாக வெடித்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 ஏப்பிரலில், அங்கு மின்உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா வழங்கவேண்டுமென்ற தீர்ப்போடு முடிந்தது. நட்டஈடு வரும், சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கிய எண்ணெயைத் திருப்பி எடுத்துத் தரும் நீதிமன்றம் எதுவும் இல்லை. நம் நிலம் ஓட்டைப் பானை. இதன்மேல் எதைக் கட்டினாலும், அதன் கழிவு எங்கே போகும் என்ற கேள்விக்கு அத்திவாரக் கல் நாட்டும் முன்பே விடை சொல்லவேண்டும்.

இவற்றையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் காலம் முடிந்த பின், இரண்டாண்டுக்கு மேலாகத் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் எவரும் இன்றிச் செயலாளர்களின் பொறுப்பிலேயே அவை நடந்தன. 2025 மே 6 ஆம் திகதி நடந்த தேர்தலின் பயனாக நமக்கு மறுபடியும் உறுப்பினர்கள் வாய்த்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டுக்கான பாதீடு மாரி நடுவே அவர்கள் முன் வரப்போகிறது. புதிய வீதிக்கும் புதிய மண்டபத்துக்கும் அங்கே கை உயர்த்த ஆள் குறைவிராது. இருக்கும் மதகுகளின் பட்டியல் ஒன்று சபையிடம் உண்டா, ஒவ்வொன்றும் எந்த மாதத்தில் யாரால் துப்புரவாக்கப்படும், அந்த வேலையாளுக்கு அந்த ஆழத்துக்கேற்ற சப்பாத்தும் கையுறையும் தடுப்பு மருந்தும் எந்தத் தலைப்பில் ஒதுக்கப்பட்டுள்ளன என்று கேட்க ஓர் உறுப்பினராவது வேண்டும். அவரைக் கேட்கத் தூண்ட வாக்காளர்களாகிய நாமும் வேண்டும். புதிய கட்டுமானம் எதற்கும் பணம் ஒதுக்குமுன், அதனை அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் பேணுவதற்கான தொகையும் அதே தாளில் எழுதப்படவேண்டும். எழுத இயலாவிட்டால், அந்தக் கட்டுமானத்தைத் தொடங்காமலிருப்பதே மரியாதை.

திறந்துவைத்த பிரமுகரின் பெயரைத் தாங்கும் கல்லை நான் வெறுக்கவில்லை. அதன் அருகே இன்னொரு சிறு பலகையும் இருக்கட்டும் என்கிறேன். கடைசியாகச் சோதித்த நாள், அடுத்துச் சோதிக்கவேண்டிய நாள், பொறுப்பான உத்தியோகத்தரின் பதவி, அவருடைய அலுவலகத் தொலைபேசி இலக்கம் ஆகிய நான்கு வரிகள் போதும். அதற்குப் பிரமுகர் வேண்டாம், மாலை வேண்டாம், மேடையும் வேண்டாம். ஒரு டப்பா வண்ணமும், வருஷம் ஒருமுறை திகதியை மாற்றி எழுதவேண்டும் என்ற பயமும் இருந்தாற் போதும். அந்தத் திகதி பழையதாகிவிட்டால் தெருவால் போகும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அது தெரிந்துவிடும் என்பதே அதன் பலம். நாட்டின் பெரிய திட்டங்களுக்குக் காத்திராமல், இவ்வாண்டு மழைக்கு முன்பே உள்ளூர்ச் சபை ஒன்று தன் எல்லைக்குள் இதனைத் தொடங்கலாம். தொடங்குவதற்கு இன்னும் பாதிப் புரட்டாதி கையில் இருக்கிறது.