அகப்பையின் அளவு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்களில் விளையும் நெல்லே இந்நாட்டாரின் செல்வமும் பெருமையும். விருந்தினர் ‘போதும்’ என்று கையால் மறித்த பின்னும் ஓர் அகப்பை சோறு இட்டாலன்றி உபசாரம் நிறைவெய்துவதில்லை. இத்தகைய நாட்டில், நீரிழிவு என்று மருத்துவர் கூறிவிட்டால், நோயாளர் முதலிற் பகைத்துக்கொள்வது சோற்றையே. அப்பகை நியாயந்தானா?

இந்நோய் அரிதான ஒன்றன்று. 2005-2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நிகழ்ந்த பேராய்வு, வளர்ந்தோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. வடக்கு, கிழக்கு மாகாணங்கள் அக்கணக்கிற் சேர்க்கப்படவில்லை. கணக்கெடுத்தோர் நம்மை விட்டனர், நோய் விடவில்லை.

சோற்றை விட்டேன் என்பார் பலர். அவர்தம் இராவுணவைப் பார்த்தால், தட்டு நிறையப் பிட்டு இருக்கும். அல்லது இடியப்பம் இருக்கும். இவை அரிசியின் வேறு வடிவங்களே. பாணும் மாச்சத்தே, மரவள்ளிக் கிழங்கும் அதுவே. குரக்கனை மருந்தென்று கருதி வயிறார உண்பாரும் உளர். 100 கிராம் அரிசியில் மாச்சத்து 80 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதே நிறைக் குரக்கன் மாவில் 70 கிராம் அளவு. குரக்கனில் நார்ப்பொருள் மிகுதி என்பது உண்மை. ஆயினும் அளவு மீறினால் அந்நன்மை மறைந்துவிடும்.

மறுபுறம், அறவே பட்டினி கிடப்பாரும் உளர். இன்சுலின் 1922 இல் முதன்முதலாக நோயாளருக்கு அளிக்கப்படுமுன், மேல்நாட்டு மருத்துவர்கள் நோயாளரை அரைப்பட்டினியில் வைத்தே உயிர்காக்க முயன்றனர். அக்காலம் கடந்துவிட்டது. இன்று இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்வோர் வேளையுணவைத் தவிர்த்தால், இரத்தத்திற் சீனி மிகத் தாழ்ந்து, வியர்த்து நடுங்கி மயங்கி விழவும் கூடும்.

ஆகவே வேண்டுவது துறவன்று, அளவு. தட்டிற் பாதியை முருங்கையிலைச் சுண்டலும், வல்லாரையும், கத்தரி, வெண்டி முதலிய காய்கறிகளும் நிரப்பட்டும். காற்பங்கு வாவி மீனுக்கு உரியதாகட்டும். எஞ்சிய காற்பங்கே சோற்றுக்கு. 100 கிராம் சோற்றில் மாச்சத்து ஏறத்தாழ 28 கிராம். வீட்டிலுள்ள ஒரு கிண்ணத்தை அளவாகக் கொண்டு, நாள்தோறும் அதே அளவை, அதே வேளையில் உண்பது நலம். தயிர் நம் நாட்டின் புகழ். அதன்மேற் சொரியும் சீனியும் பாகுமே கணக்கிற் கொள்ளத்தக்கன. வயலில் உழைப்பவருக்கும் நாற்காலியில் அமர்ந்து கற்பிப்பவருக்கும் ஒரே அளவு பொருந்தாது. அவரவர்க்குரிய அளவை மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும்.

இவ்வொழுக்கம் நோயாளர் ஒருவராற் கைகூடுவதன்று. பரிமாறுவோரும் துணைநிற்றல் வேண்டும். ‘இன்னும் சிறிது’ என்னும் அன்புச்சொல் இனி மீன்கறிக்கும் இலைச்சுண்டலுக்கும் உரியதாகட்டும். அகப்பையை மறித்த கையை மதிப்பதும் விருந்தோம்பலின் ஒரு கூறேயாகும்.