சுவர்களும் கற்பிக்கும்

பள்ளி என்றதும் ஆசிரியரும் நூலுமே நம் நினைவுக்கு வருவர். அவர்களைத் தாங்கி நிற்கும் கட்டடத்தை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு சமூகம் தன் பிள்ளைகளை எவ்வளவு மதிக்கிறது என்பதைப் பள்ளிக் கட்டடமே முதலில் சொல்லிவிடுகிறது என்பது என் கருத்து.

நம் பழைய பள்ளிகள் பலவற்றுக்கு வீட்டுத் திண்ணையே வகுப்பறை. காற்றும் வெளிச்சமும் அங்குத் தாராளமாகக் கிடைத்தன. ஆயினும், சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பு, மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்ததையும் அவற்றில் பெண்கள் மிகச் சிலரே பயின்றதையும் காட்டியது. திண்ணை திறந்திருந்தது; எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை.

பின்னர்த் தனிக்கட்டடங்கள் எழுந்தன. நாகப்பட்டினத்தில் 1844இல் தோன்றிய புனித வளனார் கல்லூரி 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு வந்தது. அக்காலக் கல்விக்கூடங்களின் தடித்த சுவர்களும் உயர்ந்த கூரையும் வெறும் அழகுக்காக அமைந்தவை அல்ல. சூடான காற்று மேலெழும். கூரையை ஒட்டிய சிறு சாளரங்கள் அதனை வெளியேற்றும். நீண்ட தாழ்வாரம் சுவரில் வெயில் விழாமல் காக்கும். சித்திரை வெயிலில் பாலக்கரைத் தெருவில் நடந்து, பழைய கட்டடமொன்றின் தாழ்வாரத்தில் ஒதுங்குவோர் இதனை உடனே உணர்வர்.

1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் விரிவடைந்தது. ஏழைப் பிள்ளைகளும் வந்தனர். சமையற்கூடமும் பள்ளியின் உறுப்பாயிற்று. கட்டடம் அதற்கேற்ப மாறியிருக்க வேண்டும். மாறாத இடத்தில் நேர்ந்ததைக் காவிரிக் கரை மறக்காது. 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில், பள்ளியொன்றின் சமையற்கூடத்தில் எழுந்த தீ கீற்றுக்கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் மாண்டனர். பிழை அடுப்பில் இல்லை. அடுப்புக்கருகே கீற்று வேய்ந்ததிலும், தப்பும் வழியைக் குறுக்கியதிலும் இருந்தது. பாதுகாப்பான பள்ளியும் கல்வி உரிமையின் பகுதியே என 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதற்கெல்லாம் பொருள் வேண்டாவா எனச் சிலர் வினவுவர். வேண்டும். ஆனால், வண்ண முகப்புக்குச் செலவிடும் பணத்தை அகன்ற படிக்கட்டுக்கும் சாய்தளத்துக்கும் முதலில் செலவிடலாமே!

மாணவர்களே, நாளை உங்கள் வகுப்பறையைப் புதிதாகப் பாருங்கள். காற்று எவ்வழி வருகிறது? சக்கர நாற்காலியில் வரும் தோழர் எவ்வழி நுழைவார்? இடர் நேர்ந்தால் அனைவரும் எவ்வழி வெளியேறுவீர்கள்? விடை கிடைக்காத வினாவைத் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள்.