நாமா, நாங்களா?

மலையகத்து வகுப்பறையில் நான் கற்பிக்கும் இலக்கணம் இது: 'நாம்' கேட்பவரையும் சேர்க்கும், 'நாங்கள்' அவரை வெளியே நிறுத்தும்.

2019 நவம்பர் 18ஆம் திகதி அநுராதபுரம் ருவன்வெலிசாயவில் ஜனாதிபதியாகப் பதவியேற்ற கோட்டாபய ராஜபக்ஷ, சிங்கள மக்களின் வாக்குகளால் மட்டுமே வெல்லலாமெனத் தனக்குத் தெரியும் என்றார். தமிழரையும் முஸ்லிம்களையும் அழைத்தும் எதிர்பார்த்த பதில் கிடைக்கவில்லை என்றார். இனியாவது தன்னோடு சேரச் சொன்னார்.

இதை நல்லெண்ண அழைப்பென்பார் உண்டு. "நீங்கள் வராவிட்டாலும் பந்தி நடக்கும்" என்று வாசலில் வைத்துச் சொல்வது என்ன அழைப்பு? 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நிறுத்தியதும் அதே வாசலில்தான். நுவரெலியா மாவட்டம் அவரை நிராகரித்தது. அது வாக்காளரின் உரிமை. அதற்குக் கணக்குக் கேட்க ஜனாதிபதிக்கு உரிமையில்லை.

உரையின் பொருள் அடுத்த ஆண்டே விளங்கியது. கொவிட்டில் மரணித்த நம் ஜனாஸாக்களை எரித்தார்கள். அடக்கம் செய்ய 2021 பெப்ரவரியில்தான் அனுமதி வந்தது. 2022 ஜூலையில் அவர் நாட்டைவிட்டு ஓடினார். ஓட்டியவர்களில் அவர் பெருமையோடு எண்ணிக் காட்டிய சிங்கள வாக்காளர்களும் இருந்தார்கள்.

ஆகவே, பதவியேற்பு உரைகளில் வாக்குறுதிகளை எண்ணாதீர்கள். எழுவாயைத் தேடுங்கள். அதற்குள் நாம் இருக்கிறோமா?